மிச்சம் மாமா ஏலகிரி ஏறிய கதை

உலகத்தில் தயாராகும் எந்த இயந்திரத்திலும் பத்தில் ஒரு பங்கு தேவையில்லாதது. இந்த உண்மையைத் தன் இரண்டு கைகளாலும் தினம் தினம் நிரூபித்துக்கொண்டிருந்தவர் எங்கள் தெருவின் மிச்சம் மாமா.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், கம்பெனிக்காரர்களுக்கென்றே கட்டி வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அடுத்த வீடு மாமாவுடையது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம், தெருவுக்குத் தெரியாது. மிக்ஸி, சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார், டேப் ரிக்கார்டர், எது மக்கர் செய்தாலும் கூலி வாங்காமல் பிரித்து மாட்டிக் கொடுப்பார். மாட்டி முடித்த பிறகு தரையில் ஏதாவது கிடக்கும். இரண்டு திருகு, ஒரு வாஷர், சில நாள் நல்ல பருமனான ஸ்பிரிங். அப்படி வந்த பெயர்தான் அது.

"அண்ணே, இது எங்க மிக்ஸிக்குள்ள இருந்தது இல்லையா?" என்று அம்மா ஒருமுறை பயந்துகொண்டே கேட்டார்.

"இருந்ததுதாம்மா. கம்பெனிக்காரன் பயந்துபோயி ரெண்டு சேத்துப் போட்டிருக்கான். இப்ப பாரு, எப்படி ஓடுதுன்னு!"

ஓடும். அதுதான் எரிச்சல். எங்கள் மிக்ஸி முன்பைவிட வேகமாக ஓடியது. மூடியை மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு அலாரம் கடிகாரம் நிற்காமல் ஓடியது. நேரம் மட்டும் காட்டாது. மூன்றாம் வீட்டு டேபிள் ஃபேன் ஜில்லென்று காற்று வீசியபடியே மேசை மேல் நடந்து போய், விளிம்பிலிருந்து கீழே குதித்தது.

நான் அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியின் டிராயிங் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். எதைப் பார்த்தாலும் வகை பிரித்து வரிசைப்படுத்துவது எனக்கு வேலை மட்டுமல்ல, வியாதியும்கூட. மாமா தன் மிச்சங்களை ஊறுகாய் பாட்டில்களில் போட்டு ஜன்னலில் அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் அவற்றை மனதுக்குள் வகை பிரித்துப் பார்த்தேன். ஊசி மட்டும் கடையில் வாங்கினால் ஒரு முழுத் தையல் மெஷின் செய்துவிடலாம்.

மாமா வேலை பார்த்தது தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில். சேர்ந்த நாள் முதல் பேக்கிங் பிரிவு. எல்லாம் பூட்டி, ஓட்டிப் பார்த்து, பெயின்ட் அடித்த பிறகுதான் ஒரு பம்பு அவர் கண்ணில் படும். எப்படியோ கம்பெனிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர் ஒரு கார் செய்தார்.

உடம்பு பழைய டாக்ஸி ஒன்றினுடையது. எஞ்சின் இன்னொரு காருடையது. ரேடியேட்டர் லாரியுடையது, சின்னது கிடைக்கவில்லையாம். மூன்றையும் பாகலூர் ரோட்டில் இருந்த இரும்புக்கடை பாயிடம் கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கி வந்தார். மூன்று வருஷம் அந்தக் கார் வீட்டு வாசலில் நின்றது. ஸ்டார்ட் ஆகும், உறுமும், தெருமுனை வரைக்கும் போகும். முனையிலிருந்து நாங்கள் தள்ளிக்கொண்டு வருவோம்.

இதில் நொந்துபோனவர் அத்தை. அவர் நாகரசம்பட்டிக்காரர், பேச்சில் சுருக்கம், முடிவில் உறுதி. துணி காயப்போடும் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ரேஷன் கடை வரிசையில் அவரை எல்லோரும் "காருக்காரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கவும் மாட்டார்கள். அதைத்தான் அத்தையால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மாமா காருக்கு அடியில் படுத்திருந்தபோது, வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்து அத்தை பேசினார்.

"என்னாங்க, ஒரே பேச்சுதான். வர்ற ஞாயித்துக்கெழம இந்த வண்டி ஏலகிரி ஏரிக்கரையில போயி நிக்கணும். புள்ளைங்களுக்கு மலையும் ஏரியும் காட்டணும். யாரும் தள்ளக்கூடாது, கவுறு கட்டி இழுக்கக்கூடாது, தானா போவணும். வழியில நின்னுச்சுன்னா, நின்ன எடத்துலயே பாய் தூக்கிக்குவாரு."

கால்கள் இரண்டும் காருக்கு அடியில் மறைந்தன. "எந்த பாய்?"

"இரும்புக்கட பாய். சொல்லிட்டு வந்துட்டேன்."

மறுநாள் பாயே வந்துவிட்டார். சாந்தமான மனிதர். காரைச் சுற்றி வந்து, வயிற்றில் தட்டிப் பார்க்கிற டாக்டர் போல அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"வருத்தப்படாதீங்க. கிலோ கணக்குல குடுத்தேன், கிலோ கணக்குலயே எடுத்துக்கறேன். ஞாயித்துக்கெழம எனக்கு வாணியம்பாடியில ஒரு வேல இருக்கு. டெம்போவ எடுத்துக்கிட்டு உங்க பின்னாலயே வர்றேன். எங்க நிக்குதோ, அங்க ஏத்திக்கலாம்."

"மலை உச்சி வரைக்கும் சும்மா வரப்போறீரு பாய், டீசல் தண்டம்" என்றார் மாமா.

"இன்ஷா அல்லா" என்றார் பாய். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மாமா லீவு போட்டார். பின் அச்சில் ஒரு சத்தம் கேட்கிறது, அதைச் சரிசெய்துவிட்டால் கார் இமயமலையே ஏறும் என்றார். காலையில் பிரித்தார், சாயங்காலம் பூட்டினார். பூட்டி முடித்து எழுந்து தரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தரையில் ஒன்றுமே இல்லை. ஒரு திருகு இல்லை, ஒரு வாஷர் இல்லை. மாமாவின் சரித்திரத்தில் முதல்முறையாக எல்லாமே உள்ளே போயிருந்தது.

தெருவே கூடிவிட்டது. யாரோ கைதட்டினார்கள். என் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். மாமா மாப்பிள்ளைபோலக் கார் ஏறி, ஸ்டார்ட் செய்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் போனது. குழாயடியில் வரிசையாக இருந்த குடங்களில் நான்கை நசுக்கிவிட்டு நின்றது.

"கியரு மாறி விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டாவதைப் போட்டார். கார் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் மெல்ல, அழகாக, முன்னால் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பின் அச்சுக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று உண்டு. அதை ஒரு பக்கம் மாட்டினால் சக்கரங்கள் முன்னால் சுற்றும். எதிர்ப்பக்கம் மாட்டினால் பின்னால் சுற்றும். மாமா ஒரு திருகுகூட விடாமல், அத்தனையையும் எதிர்ப்பக்கம் மாட்டியிருந்தார். அதை நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

"மாமா, இப்ப உங்க காருக்கு முன்னால போக ஒரே ஒரு கியர்தான். பின்னால போக நாலு."

மாமா விரலை மடக்கி எண்ணினார். "நாலு ரிவர்ஸ் கியரு! உலகத்துல எந்தக் காருக்கும்மா இருக்கு?"

"கழட்டி மாட்டணும் மாமா."

"கழட்டுனா நாளைக்கு ராத்திரி ஆயிடும். உங்க அத்த ஞாயித்துக்கெழமன்னுட்டா. ஒரு கியரு போதும். மலை இருக்கிற எடத்துலயே இருக்கப்போவுது, ஓடியா போயிடும்?"

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். முன்சீட்டில் மாமாவும் அத்தையும். பின்சீட்டில் பள்ளிக்கூடம் படிக்கும் அவர்களுடைய இரண்டு பெண்களும் நானும். எனக்கு அழைப்பு வந்ததே வண்டியில் ஒரு படித்த ஆள் இருக்கட்டும் என்றுதான். கொண்டுபோக வேண்டியவற்றை நான்தான் வரிசைப்படுத்தி ஏற்றினேன்: புளிசாதம், தயிர்சாதம், மூன்று கேன் தண்ணீர், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல், குமட்டலுக்கு எலுமிச்சம்பழம். பின்னால் பாயின் டெம்போ. காலியான முதுகில் தடிமனான ஒரு கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. எல்லாத் திருகும் உள்ளே இருந்ததாலோ என்னவோ, கார் அன்று தெருமுனையில் நிற்கவில்லை.

ரிவர்ஸ் கியருக்கு இரண்டு குணங்கள். ஒன்று, அது ஊளையிடும். எதிரே வந்தவர்கள் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்கள் வெகுநேரம் காத்திருந்தார்கள். இரண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறினால் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். மாமா ஒரு கையில் ஸ்டீயரிங்கும் ஒரு கையில் கியருமாகத் திண்டாடினார்.

"ஏ புள்ள, இத சித்த அமுக்கிப் பிடி."

"நானா? இந்த எழவையா? தொடமாட்டேன்."

அடுத்த பள்ளத்தில் கழன்றது. பாய் பின்னாலிருந்து அன்பாக ஒரு ஹாரன் அடித்தார். அத்தை கையை நீட்டிக் கியர்க் கம்பியைப் பிடித்தார். அதன்பிறகு விடவில்லை.

எங்களை முந்தியவர்களை நான் கணக்கில் வைக்கவில்லை. வகையில் மட்டும் வைத்தேன். லாரிகள், பஸ்கள், ஹாரன் அடித்துச் சீண்டிய கார்கள், மொபெட்டில் போன கணவன் மனைவி குழந்தை மூவரும், கடைசியாக ஒரு பால்காரர். பால்காரர் சைக்கிளில் ஜன்னல் ஓரமாகவே வந்து, எங்கே போகிறோம், என்ன சாப்பாடு, மூத்தவள் எத்தனாவது படிக்கிறாள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, நேரமாகிறது என்று சொல்லி முன்னால் போனார்.

கர்நாடகா லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "ஏன் சார், காடி கெட்டோகிதா?" என்றார். வண்டி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார்.

"இல்லப்பா, இது இரோதே ஹீகே" என்று அத்தை கன்னடத்திலேயே பதில் சொன்னார். பிறவியிலேயே இப்படித்தான் என்று அர்த்தம். மாமாவுக்குக் கன்னடம் வராது. மனைவி காரைப் புகழ்கிறாள் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

சூளகிரி தாண்டி இறக்கம் வந்தது. "கைய எடு புள்ள" என்று சொல்லிக் கியரைக் கழற்றிவிட்டார் மாமா. ஊளை நின்றது. கார் உருண்டது, பிறகு ஓடியது, பிறகு பறந்தது. இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் விடியற்கால வெளிச்சத்தில் பின்னால் ஓடின. பால்காரரை முந்தினோம். அவர் கேனைத் தட்டி வாழ்த்தினார். அத்தையின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே கொடிபோல அடித்துக்கொண்டது. நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் அந்தக் காரைப் பார்த்து அவர் சிரித்ததில்லை. அன்று சிரித்தார். யாரும் பார்ப்பதற்குள் வாயை மூடிக்கொண்டார்.

கிருஷ்ணகிரி, பர்கூர் எல்லாம் ஊளையிட்டுக்கொண்டே கடந்து, வெயில் ஏறிய நேரத்தில் மலையடிவாரத்துக்கு வந்தோம். பாய் டெம்போவைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தங்கச்சி, இதுவரைக்கும் வந்ததே பெருசு. இங்கயே ஏத்திக்கலாம். புள்ளைங்கள பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போயி ஏரி காட்டிடுங்க. மேல போயி நடுவழியில நின்னா மானம் போயிடும்."

அத்தை கியரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "போறது என் மானந்தான பாய். ஏறட்டும்."

அங்கேதான் நான் எதிர்பார்த்தும் நம்பாதது நடந்தது. ரிவர்ஸ் கியருக்கு வேகம் கிடையாது, இழுவை உண்டு; முதல் கியரைவிடக் கொஞ்சம் கூடவே உண்டு. லாரி ரேடியேட்டருக்குக் கொதிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. முதல் கொண்டை ஊசி வளைவில் பெங்களூர்க் கார் ஒன்று பானட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதில் ஒரு வேன். அதற்கு மேலே இன்னும் இரண்டு கார்கள். சாலையில் எங்களைச் சீண்டி ஹாரன் அடித்து முந்திப்போனவர்கள் எல்லோரும் ஓரக் கற்களில் உட்கார்ந்து தலையில் துண்டு போட்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் அதே வேகத்தில், அதே ஊளையோடு, அவர்களைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தோம். மாமா ஒவ்வொருவருக்கும் மந்திரிபோலக் கையை ஆட்டினார்.

"என்ன சார், தண்ணி வேணுமா? ஏ புள்ள, பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். கீழே சமவெளியும் தென்னந்தோப்புகளும் விரித்துப்போட்ட ஜமுக்காளம்போலத் தெரிந்தன. அப்போது பின்னால் டெம்போவின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். டெம்போவின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டிருந்தது.

மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டுத் துள்ளினார். "பாய் காலி! இனி நம்மளத் தூக்க ஆளே இல்ல! போவோம்!"

"நிறுத்துங்க வண்டிய" என்றார் அத்தை.

பெண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பாய் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"எனக்காக நிக்காதீங்க தங்கச்சி. வழியில நின்னா வண்டி எனக்குன்னு பேச்சு. நானே உங்கள நிக்கவச்ச பாவம் எனக்கு வேண்டாம்."

"வண்டி நிக்கல பாய். நான் நிறுத்துனேன். எங்களக் கட்டி இழுக்கத்தான கவுறு கொண்டாந்தீங்க? எடுங்க அத."

மாமாவின் முகம் மாறிவிட்டது. அவர் தன் கைவேலையைச் சந்தேகப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். குரலைத் தாழ்த்தினார். "ஏ புள்ள, அது டெம்போ. கிளச்சு எரிஞ்சா இங்கயே முடிஞ்சுபோச்சு, பாத்துக்கோ. ஏரி பக்கத்துல வந்துடுச்சு. பாய் இங்க நெழல்ல இருக்கட்டும். நாம மேல போயி ஆள் அனுப்புவோம்."

"நம்மள நம்பி விடியறதுக்கு முன்னயிருந்து பின்னாலயே வந்த மனுசன். விட்டுட்டுப் போயி அந்த ஏரிய எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்கறது?" அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. சொல்லு. இழுக்குமா?"

"கியர் இழுக்கும் அத்தை. கிளட்சுக்கு நான் பொறுப்பில்ல."

"அது போதும்."

கயிறு கட்டியாகிவிட்டது. டெம்போவில் பாய் ஸ்டீயரிங்கோடு. காரில் மாமாவும் அத்தையும் மட்டும். பெண்களும் நானும் ஆளுக்கொரு கல்லோடு பக்கத்தில் நடந்தோம். நடந்தே கூடப் போகிற வேகம்தான் அது. மாமா மெல்லக் கிளட்சை விட்டார். கயிறு விறைத்தது. கார் நடுங்கியது, முன்பக்கம் கொஞ்சம் எழும்பியது, ஊளை அழுகையாக மாறியது. ஏதோ கருகுகிற வாடை வந்தது. நான் கல்லைக் குனிந்து வைக்கப் போனேன்.

"வைக்காத! நவுருது!" என்று கத்தினாள் சின்னவள்.

நகர்ந்தது. ஒரு சாண், ஒரு முழம், பிறகு ஒரே சீராக. அத்தை இரண்டு கைகளாலும் கியரைப் பிடித்து, காலைப் பலகையில் உதைத்துக்கொண்டிருந்தார். "விடாதீங்க, விடாதீங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கா, எஞ்சினுக்கா தெரியவில்லை. கீழே நின்றுபோன கார்களின் ஆட்கள் வேடிக்கை பார்க்க ஏறி வந்துவிட்டார்கள். ஒரு வளைவில் தமிழில் விசில், அடுத்த வளைவில் தெலுங்கில் கூச்சல். மேலிருந்து இறங்கிவந்த பஸ் ஒன்று எங்களைப் பார்த்து ஓரங்கட்டி வழிவிட்டது. அதன் டிரைவர் எழுந்து நின்று சலாம் வைத்தார். சாலை சமமானது. மரங்களுக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது.

ஏரிக்கரையில் கார் நின்றது. நிறுத்தித்தான் நின்றது. அதன் பின்னால், கயிற்றில் கட்டிய மாடுபோல, டெம்போ.

பாய் இறங்கி வந்து காரின் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். சூட்டில் கையை உதறிக்கொண்டார்.

"என் ஆயுசுல எவ்வளவோ இரும்ப இழுத்திருக்கேன். இரும்பு என்னைய இழுத்தது இதான் முதல் தடவ."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை ஏரியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், படகில் ஏற ஓடும் பெண்களைப் பார்த்தார். பிறகு முந்தானையை எடுத்துக் காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த புழுதியை ஒரு மூலை விடாமல் துடைத்தார்.

"என்னாம்மா முடிவு?" என்றார் பாய்.

"சீட்டெல்லாம் நார் நாராத் தொங்குது பாய். பூப்போட்ட துணியில ஒற தச்சுப் போட்டா நல்லாருக்கும்." புளிசாத டப்பாவைத் திறந்தார். "கைய கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. வாய் நிறையச் சோற்றோடு, அந்தப் பல்சக்கரத்தைத் தான் தெரிந்தேதான் அப்படி மாட்டியதாகவும், அது மலைக்கென்றே உள்ள மாட்டல் என்றும் பாயிடம் விளக்கினார். "நாளைக்கே திருப்பி மாட்டிடுவேன். அப்பறம் ரோட்டுல பாரும், நாலு கியரும் முன்னால!"

"தொட்டீங்கன்னா தெரியும்" என்றார் அத்தை.

பாய் கீழே ஆள் அனுப்பி பெல்ட் வரவழைத்துக்கொண்டார். நாங்கள் முதலில் இறங்கினோம். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குன்றுகள் கறுத்து, வானம் மட்டும் சிவப்பாக இருந்தது. பெண்கள் இரண்டு பேரும் என் மடியில் தூங்கிப்போனார்கள். முன்சீட்டில் அத்தையின் தலை மெல்லச் சரிந்து மாமாவின் தோளில் சாய்ந்தது. கியரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மாமா முழங்காலை வைத்துக் கியருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, தோளை அசைக்காமல், இருந்த ஒரே கியரிலும் வேகத்தைக் குறைத்தார். சைக்கிள்கள் எங்களை முந்திப் போய்க்கொண்டிருந்தன.

வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். மிச்சம் மாமா ஓட்டுகிற காரில் அது ஒன்றும் நடக்காத வேண்டுதல் இல்லை.